திங்கட்கிழமைக் கையெழுத்து

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதிப் பழகிய கை, அதையே எழுதப் போனது. நிறுத்திக்கொண்டேன். போனில் பேசலாம்தான். ஆனால் என் குரலைக் கேட்டதும் நீங்கள் அழுகிறீர்கள், நீங்கள் அழுவதைக் கேட்டு நான் அழுகிறேன். நேற்று பன்னிரண்டு நிமிடம் பேசியதில் நீங்கள் உருப்படியாகச் சொன்னது “சாப்ட்டியா” என்ற ஒரு வார்த்தைதான். இனிமேல் எழுதிக்கொள்வோம். காகிதத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதினொரு நாள் ஆகிறது. இடது காலை முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை விட்டு எடுத்திருக்கிறார்கள். தையல் போட்ட இடம் ஆறிவிட்டது. இல்லாத பாதத்தில் அரிப்பு எடுக்கிறது. டாக்டரிடம் சொன்னால், “அப்படித்தாம்மா இருக்கும், பழகிடும்” என்கிறார். எதைச் சொன்னாலும் அவருக்கு அதே பதில்தான்.

இந்தப் புது வீட்டில் இரண்டு காலோடு நான் நடந்தது ஒரே ஒரு நாள். குளியலறைக்கு இரண்டு படி இறங்க வேண்டும். வீடு பார்க்க வந்தபோது அந்தப் படிகள் கண்ணில் படவே இல்லை. நீங்களும் என் வீட்டுக்காரரும் (உங்கள் மாப்பிள்ளைதான்) தூக்கி வைத்த பீரோ வழியை அடைக்கிறது. ஊன்றுகோல் போக அதை ஒரு முழம் நகர்த்த வேண்டும். அவர் ஒருவரால் ஆகவில்லை.

எப்படி நடந்தது என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்க மனம் வரவில்லை போலிருக்கிறது. நானே சொல்லிவிடுகிறேன். ஜனவரி 18, வெள்ளிக்கிழமை, காலை எட்டே முக்கால். உங்கள் ஷெட்டிலிருந்து முந்தின நாள் கிளம்பிய லாரி, சரக்கு இறக்கும் மேடைக்குப் பின்பக்கமாக வந்து நின்றது. கிடங்கில் என் வேலை உங்களுக்குத் தெரியும், நீங்கள் சொல்லி வாங்கிக் கொடுத்ததுதானே. லாரிக் கதவில் தொங்கும் சீல் எண்ணும் காகிதத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகுதான் கதவைத் திறக்க விடுவேன். கோடையிலும் கம்பளிக் குல்லா போடுவாரே, அந்தக் குல்லாக்காரர்தான் டிரைவர். கைப்பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, இறங்கி வந்து காகிதத்தைக் கொடுத்தார். நான் மேடைக்கும் லாரிக்கும் நடுவில் போய் எண்ணைப் படித்தேன். ஏழு இலக்கம். ஐந்தாவதில் இருந்தபோது லாரி பின்னால் வந்தது. வேகமாக எல்லாம் வரவில்லை அண்ணா. ஒரு கதவு தானாகச் சாத்திக்கொள்கிற மாதிரி வந்தது. ஒன்றரை அடி.

இழப்பீடு கேட்டு மனுப் போட்டிருக்கிறோம். வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. விபத்து வழக்கு மட்டும் நடத்துகிறவர், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இருக்கிறார். நான் போனால் அவர் இறங்கி வந்து ஜெராக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பேசுகிறார். உங்கள் கம்பெனி பதில் அனுப்பியிருக்கிறது: லாரி புறப்படும் முன் முறைப்படி சோதிக்கப்பட்டது, கைப்பிரேக் சரியாக இருந்தது, சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருக்கிறதா என்று பாராமல் பின்னால் போய் நின்றது மனுதாரரின் கவனக்குறைவு. கட்டை ஒரு சக்கரத்துக்குத்தான் இருந்தது. இன்னொன்று உடைந்து ஆறு மாதம் ஆகிறது, புதிது வாங்கவில்லை.

புறப்படும் முன் ஷெட்டில் எழுதும் சோதனைச் சீட்டு ஒன்று உண்டாமே. அன்று நீங்கள் இங்கே என் வீட்டில் இருந்தீர்கள், ஆகவே வேறு யாரோதான் பார்த்திருப்பார்கள். யார், என்ன எழுதினார்கள் என்று விசாரித்துச் சொல்லுங்கள். சூப்பர்வைசரின் தங்கைக்கு இதுகூடக் கிடைக்காதா என்று வக்கீலம்மா கேட்கிறார்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் தங்கை


மார்ச் 19

அன்புள்ள கட்டெறும்புக்கு,

அண்ணன் எழுதுவது. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஏழு வயதில் என் முழங்கையைக் கடித்துவிட்டு ஓடிய ஓட்டம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அதற்கு மேல் எழுத வரவில்லை.

இங்கே எல்லாம் பழையபடி. புது மானேஜர் வந்திருக்கிறான். சின்னப் பையன், ஷூ மேல் கிரீஸ் பட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். “ஏன் சார் லாரி ஷெட்டுக்கு வந்தீங்க, நகைக் கடைக்குப் போயிருக்கலாமே” என்று மெக்கானிக் ஒருநாள் கேட்டுவிட்டான். அவனுக்கு அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அண்ணி உனக்காகத் தரை தொடுகிற மாதிரி இரண்டு கவுன் தைத்திருக்கிறாள். பார்சலில் வருகிறது. அவளுக்குச் சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கம்பெனி மருத்துவ அட்டை இருப்பதால் மருந்து கிடைக்கிறது.

சீட்டு விஷயம். ஜனவரி மாதக் கட்டு முழுவதையும் தலைமை அலுவலகம் வாங்கிக்கொண்டு போய்விட்டது. நான் பார்க்கக்கூட இல்லை. விசாரிக்கிறேன். நீ அவசரப்படாதே. கோர்ட், வக்கீல் என்று ஆரம்பித்தால் வருடக்கணக்கில் இழுக்கும். கம்பெனியே ஏதாவது கொடுக்க முன்வந்தால் வாங்கிக்கொள்வதில் தப்பில்லை என்று எனக்குப் படுகிறது.

பீரோவை நகர்த்த நான் வருகிறேன். இந்த மாதம் முடியாது.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

கவுன் வந்தது. அளவு சரியாக இருக்கிறது. அண்ணியின் கைக்கு என் கண்ணீர் என்று சொல்லுங்கள். வேண்டாம், நன்றி என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் கம்பெனி ஆள் ஒருவர் போன செவ்வாய்க்கிழமை வந்தார். ஒரு கையில் ஆப்பிள் பை, இன்னொரு கையில் காகிதம். நான் கட்டிலில் இருந்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே பேசினார்.

“உங்க அண்ணன் எங்களுக்கு ரொம்ப வேண்டியவரும்மா. அதனாலதான் ஆள அனுப்பாம நானே வந்தேன்.”

“வேண்டியவரோட தங்கச்சி கால் மேலயா சார் லாரிய விடுவீங்க?”

சிரித்துவிட்டார் பாவம். அப்புறம் சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, ஆப்பிளை எடுத்து மகளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, “எங்கம்மா காலை எங்க அங்கிள் போட்டாங்க?” என்று கேட்டாள். ஏழு வயது. அவளுக்கு அது ஒரு நியாயமான கேள்வி.

காகிதத்தை மாப்பிள்ளை படித்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர், பொடி எழுத்தைப் படிக்காமல் விடுவாரா? ஆறு மாதச் சம்பளம் கொடுப்பார்களாம். அதோடு இந்த விபத்து குறித்து இனி ஒருபோதும் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று நான் கையெழுத்திட வேண்டுமாம். மாப்பிள்ளை அதை மடித்து ஆப்பிள் பைக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்.

நீங்கள் வாங்கிக்கொள் என்று எழுதியிருந்தீர்கள். கோபம் இல்லை, வருத்தம்தான். கால் பொருத்தும் நிலையத்துக்குப் போயிருந்தோம். மூட்டுக்குக் கீழே சதை சுருங்கச் சுருங்க, செயற்கைக் காலின் குழியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாம். எனக்கு முப்பத்தேழு. எத்தனை முறை என்று நீங்களே போட்டுப் பாருங்கள். கிடங்கில் என் இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்டாள். சீல் எண்ணை அவள் மேடை மேல் நின்றே படிக்கிறாளாம், கண்ணாடி வைத்த ஒரு நீளக் கம்பி கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கம்பியை முன்பே கொடுத்திருக்கலாம்.

இந்த வழக்கு தோற்றால் நான் இந்தக் கட்டிலோடு சரி. அதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். சீட்டு பற்றி ஏதாவது தெரிந்ததா?

அன்புடன்,
கட்டெறும்பு (ஒரு தடவை கடித்ததற்கு முப்பது வருடம்!)


மே 2

அன்புள்ள கட்டெறும்புக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். என்னைத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வழக்கமான விசாரணைதான், ஒன்றுமில்லை. ஏழாவது மாடியில் குளிர்சாதன அறையில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவை அந்தக் கட்டடத்தில் எனக்கு நாற்காலி கிடைத்தது.

சீட்டில் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். அதை நம்பி வழக்கை நடத்தாதே என்று உன் வக்கீலிடம் சொல். உனக்கு என்ன நல்லதோ அதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதை மட்டும் நம்பு.

குட்டிக்கு என் முத்தம்.

அண்ணன்


ஜூன் 21

அண்ணாவுக்கு,

கோர்ட் உத்தரவு போட்டு, கம்பெனி சோதனைச் சீட்டின் நகலைக் கொடுத்துவிட்டது. வக்கீலம்மா நேற்று ஜெராக்ஸ் கடை வாசலில் வைத்து என் கையில் தந்தார்.

பதினான்கு கட்டங்கள். பதினான்கிலும் டிக். ஆறாவது கட்டம் கைப்பிரேக். தேதி ஜனவரி 17, வியாழக்கிழமை. நேரம் காலை 6.10. அடியில் ‘நேரில் சோதித்தேன்’ என்று அச்சடித்திருக்கிறது. அதன் கீழே கையெழுத்து.

அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அப்பா இல்லாத வீட்டில் என் ரேங்க் கார்டு முழுவதும் அதுதானே. முதல் எழுத்தின் சுழி, கடைசியில் இரண்டு புள்ளி.

ஜனவரி 17 காலை ஆறு பத்துக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று, பழைய வீட்டுப் படிக்கட்டில் பீரோவின் கீழ்முனையைத் தாங்கிக்கொண்டு, “மெதுவா மாப்ள, என் வெரலு, என் வெரலு” என்று கத்திக்கொண்டிருந்தீர்கள். நான் மேலே நின்று சிரித்தேன்.

வக்கீலம்மா, “என்னங்க, மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?” என்றார். கால் வலிக்கிறது என்று சொன்னேன்.

கூடவே உங்கள் பிரமாணப் பத்திரமும் இருந்தது. ஏப்ரல் கடைசித் தேதி. நீங்களே நேரில் லாரியைச் சோதித்ததாகவும், டிரைவர் எந்தக் குறையும் சொல்லவில்லை என்றும். ஏழாவது மாடியில் காபி கொடுத்தது இதற்குத்தானா?

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். உங்கள் கையெழுத்து அந்தச் சீட்டில் எப்படி வந்தது? எழுதுங்கள்.

தங்கை


ஜூலை 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

எழுதுகிறேன். இதற்கு முன் எழுதியவற்றை எல்லாம் கிழித்துப் போட்டுவிடு.

திங்கட்கிழமை காலையில் ஷெட்டுக்குப் போனதும் என் முதல் வேலை கையெழுத்து. இருபத்திரண்டு லாரி, ஆறு நாள், நூற்று முப்பத்திரண்டு வெற்றுச் சீட்டு. டீ வருவதற்குள் முடித்துவிடுவேன். கட்டங்களையும் நேரத்தையும் எழுத்தர் அன்றன்றைக்கு நிரப்பிக்கொள்வார், ஆறு பத்து, ஆறு இருபத்தைந்து என்று லாரிக்கு லாரி கால் மணி தள்ளி. எனக்கு முன்னால் இருந்தவரும் இப்படித்தான். எனக்குத் தெரிந்த ஷெட் எல்லாவற்றிலும் இப்படித்தான். லாரியைப் பார்ப்பதே இல்லை என்று நினைத்துவிடாதே. தினமும் சுற்றி வருவேன். டயரைத் தட்டிச் சத்தத்தை வைத்தே காற்று சொல்வேன். எத்தனையோ லாரியை நிறுத்தி வைத்திருக்கிறேன். நான் பார்ப்பதற்கும் அந்தக் கையெழுத்துக்கும் சம்பந்தம் கிடையாது, அவ்வளவுதான். அது தபால் தலை ஒட்டுகிற மாதிரி ஒரு வேலை.

நீ வீடு மாற வேண்டும் என்றபோது நான் லீவு எழுதவில்லை. இரண்டு நாளுக்கு யார் எழுதுவார்கள்? கையெழுத்து இருக்கிறது, ஷெட் ஓடும். செவ்வாய்க்கிழமை மாலை பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன், குல்லாக்காரர் வந்தார். “சார், கைப்பிரேக் இழுத்தா பஞ்சு மாதிரி இருக்கு சார்.” நான் நடந்துகொண்டே, “வெள்ளிக்கிழமை வந்து பாக்கறேன்யா, அதுவரைக்கும் ஓரமா போட்டுவை” என்றேன். எழுதி வைக்கவில்லை. எழுத்தரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமை ஒரு லாரி குறைந்திருக்கிறது. எழுத்தர் சீட்டுகளைப் புரட்டியிருக்கிறார், அந்த லாரிச் சீட்டில் என் கையெழுத்து இருந்திருக்கிறது. “சூப்பர்வைசரே ஓகே போட்டிருக்கார், எடுய்யா வண்டிய” என்று குல்லாக்காரரை அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை நான் ஷெட்டுக்குள் நுழைந்து, அந்த லாரி நிற்க வேண்டிய ஓரத்தைப் பார்த்தேன். காலியாக இருந்தது. ஒன்பதரைக்குப் போன் வந்தது.

மானேஜர் பையன் என்னிடம் மிரட்டலாகப் பேசவில்லை. மரியாதையாகத்தான் பேசினான். “நீங்க உறுதியா நின்னீங்கன்னா உங்க தங்கச்சிய கம்பெனி தனியா பாத்துக்கும் சார். மாத்திப் பேசினீங்கன்னா கேஸ் உங்க மேல திரும்பும். ஜெயில் கூட ஆகலாம். குவார்ட்டர்ஸ், அட்டை எல்லாம் போயிடும்.” ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அண்ணியை நினைத்தேன். உன்னையும் நினைத்தேன், நம்பினாலும் நம்பாவிட்டாலும். நான் சத்தியம் பண்ணினால் உனக்குப் பணம் வரும், நான் உண்மையைச் சொன்னால் உனக்கு ஒரு அண்ணன் ஜெயிலில் இருப்பான் என்று கணக்குப் போட்டேன்.

என்ன செய்யச் சொல்கிறாயோ செய்கிறேன். இந்தக் கடிதத்தை நீ யாரிடம் கொடுத்தாலும் நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அண்ணன்


ஜூலை 15

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு நாள் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். வக்கீலம்மாவிடம் கொடுத்தால் வழக்கு அன்றைக்கே என் பக்கம் திரும்பிவிடும். மாப்பிள்ளையிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “உன் கால், உன் அண்ணன். நீ என்ன சொல்றியோ அதான்” என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

குல்லாக்காரர் வந்திருந்தார். அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், லைசென்ஸையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், வாசற்படியிலேயே நின்றார். “நான் சொன்னேம்மா. பிரேக் சரியில்லன்னு முன்னாடியே சொன்னேன். யார்ட்ட சொன்னேன்னு உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரல.” சொல்லாமலே போய்விட்டார்.

யாரோ ஒருவருக்காகக் கேட்கிற மாதிரி வக்கீலம்மாவிடம் கேட்டேன். ஒருவர் பிடிபட்டு ஒப்புக்கொள்வது வேறு, தானாக முன்வந்து, செய்த தவறைச் சொல்வது வேறு, கோர்ட் இரண்டையும் ஒன்றாகப் பார்க்காது என்றார். வேலை போகலாம். ஜெயில் வரை போகாமலும் இருக்கலாம் என்றார்.

ஆகவே நான் உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். நீங்களே சொல்லுங்கள். செப்டம்பர் 10 விசாரணை. காலையில் என் சாட்சியம், மதியம் கம்பெனி சாட்சியாக நீங்கள். உங்களைக் கூண்டில் ஏற்றியதும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். குவார்ட்டர்ஸ் போனால் அண்ணியும் நீங்களும் இங்கே வந்து இருங்கள். இடம் சின்னதுதான். மருந்துக்கு ஏதாவது வழி பண்ணுவோம்.

உங்கள் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அது இந்த வீட்டில் இருந்தால், வலி அதிகமான ஒரு நாளில் நான் மனம் மாறிவிடுவேன்.

ஒரு வரி எழுதுங்கள், வருவீர்கள் என்று.

உங்கள் தங்கை


ஆகஸ்ட் 30

அன்புள்ள கட்டெறும்புக்கு,

வருகிறேன். சொல்கிறேன்.

அண்ணியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். என் வெள்ளைச் சட்டை இரண்டையும் எடுத்து இஸ்திரி போட்டாள். முதல் கேள்விக்கே சொல்லிவிடுவேன். இரண்டாவது கேள்வி வரை விட்டால் எனக்குத் தைரியம் போய்விடும்.

இத்தனை மாதத்தில் நேற்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அன்புடன்,
அண்ணன்


செப்டம்பர் 14

என் உயிருக்கு உயிரான தங்கச்சிக்கு,

நீ செய்ததை நான் கட்டையில் போகும்வரை மறக்க மாட்டேன்.

கோர்ட்டில் உன்னிடம் வந்து பேச முடியவில்லை. கம்பெனி ஆட்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். நீயும் என் பக்கம் திரும்பவில்லை. அது நல்லதுக்குத்தான் என்று புரிந்துகொண்டேன்.

காலையிலேயே கம்பெனி காரில் கூட்டிவந்து எதிர்க்கட்டடத்து டீக்கடையில் உட்கார வைத்துவிட்டார்கள். சாட்சி முறை வரும்வரை உள்ளே விட மாட்டார்களாமே. சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். “ஐயா, அன்னைக்கு நான் ஷெட்ல இல்ல.” ஐந்தே வார்த்தை. சொல்லியிருப்பேன். அண்ணி மேல் ஆணையாகச் சொல்லியிருப்பேன்.

ஒரு மணிக்குக் கம்பெனி வக்கீல் சிரித்துக்கொண்டே வந்தார். “உங்க தங்கச்சி தங்கமானவங்க சார். அவங்க வக்கீலே கேட்டாங்க, ஜனவரி பதினேழு வீடு மாத்துனீங்களே, ஒத்தாசைக்கு யார் வந்தாங்கன்னு. நமக்கே ஒரு நிமிஷம் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. கூலிக்கு ஒரு ஆள் வெச்சோம்னு பளிச்சுன்னு சொல்லிட்டாங்க.”

கடைசி நேரத்தில் மனசு கேட்காமல் நீ என்னைக் காப்பாற்ற முடிவு செய்துவிட்டாய் என்று புரிந்தது. நீ சத்தியம் பண்ணிச் சொல்லிவிட்ட பிறகு நான் போய் வேறு மாதிரி சொன்னால், நீ பொய்சாட்சி சொன்னவளாகிவிட மாட்டாயா? உன் பேச்சுக்கு மாறாக நான் எப்படிப் பேசுவேன்? அதனால்தான் பத்திரத்தில் இருந்ததையே சொன்னேன். என் தங்கச்சி என்ன விரும்பினாளோ அதைச் செய்தேன்.

மானேஜரிடம் கேட்டேன். தீர்ப்பு வந்ததும் உனக்குத் தனியாகப் பார்ப்பதாக மறுபடியும் சொன்னான். அண்ணி உன்னை மகராசி என்கிறாள். அடுத்த மாதம் கட்டாயம் வந்து பீரோவை நகர்த்தி வைக்கிறேன்.

என்றும் உன்
அண்ணன்


நவம்பர் 8

அண்ணாவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை தீர்ப்பு வந்தது. மனு தள்ளுபடி. சோதனைச் சீட்டும் மேற்பார்வையாளரின் சாட்சியமும் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன என்று நீதிபதி எழுதியிருக்கிறார். முன்பே குறை சொன்னதாக டிரைவர் கூறுவது தன்னைக் காத்துக்கொள்ளப் பிறகு சேர்த்த கதை. ஒரு சக்கரத்துக்கு மட்டும் கட்டை வைத்த லாரிக்குப் பின்னால் போனது என் கவனக்குறைவு. பதினொரு பக்கம். எல்லாவற்றையும் படித்தேன்.

உங்கள் கடைசிக் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதவில்லை. தீர்ப்பு வரட்டும் என்று இருந்தேன்.

அன்று காலை வராந்தா பெஞ்சில் மகள் வக்கீலம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். வீடு மாறின கதையைச் சொல்லியிருக்கிறாள், மாமா பீரோ தூக்கினது, விரல் நசுங்கினது எல்லாம். வக்கீலம்மாவுக்கு அப்போதுதான் தேதி உறைத்திருக்கிறது. என்னிடம் பேச நேரம் இல்லை, கூப்பிட்டுவிட்டார்கள். நேராகக் கூண்டில் வைத்தே கேட்டுவிட்டார்.

பதில் என் நாக்கு வரை வந்தது. நீங்கள் எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், மதியம் நீங்களே சொல்லப் போகிறீர்கள். நான் முந்திக்கொண்டால், தங்கை போட்டு உடைத்த பிறகு வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டவர் என்று ஆகிவிடும். தானாக முன்வந்து சொன்னவர் என்று உங்களைப் பற்றி எழுதப்பட வேண்டும் என்று நினைத்தேன். அந்த மூன்று மணி நேரத்தை உங்களுக்காக விட்டுவைத்தேன். நீங்கள் சொன்ன மறுநிமிடம் எழுந்து நின்று, நான் சொன்னது பொய் என்று நானும் ஒப்புக்கொள்வதாக இருந்தேன். அதற்காக ஊன்றுகோலைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தேன். கவனித்தீர்களா, தெரியாது. நீங்கள் மின்விசிறியைப் பார்த்துத்தான் பேசினீர்கள்.

வக்கீலம்மா வழக்குக் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “மேல்முறையீடு போகலாங்க. ஆனா நீங்க சொன்ன பதில வெச்சுக்கிட்டு நான் எங்க போய் நிக்கறது?” என்றார். திட்டவில்லை. கடைசி வரை ஸ்டூலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். உங்கள் மானேஜர் தனியாகப் பார்ப்பதாகச் சொன்னது பற்றி மாப்பிள்ளை போன் செய்தார். அப்படி ஒரு பேச்சே இல்லை என்றார்களாம்.

தீர்ப்பு நாளில் குல்லாக்காரர் வந்திருந்தார். குல்லா இல்லாமல் வந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. படி இறங்கும்போது ஊன்றுகோல் வழுக்கியது. அவர்தான் பிடித்தார். அவரிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய சோற்றிலும் மண் போட்டது நம் இரண்டு பேரின் சத்தியம்தான்.

பீரோவை நகர்த்த வர வேண்டாம். மாப்பிள்ளை அதைத் துண்டு துண்டாகக் கழற்றி விற்றுவிட்டார்.

நான் சத்தியம் பண்ணிச் சொன்னதை மாற்ற முடியாது என்று சட்டம் இல்லை. மாற்றினால் நீங்கள் சொன்னது போல நான் பொய்சாட்சி சொன்னவள், நீங்களும் அப்படியே, அண்ணிக்கு மருந்து இல்லை. ஆகவே அது அப்படியே இருக்கட்டும். அப்படியே இருப்பதென்றால் முழுவதும் அப்படியே இருக்க வேண்டும்.

நேற்று பள்ளியிலிருந்து வந்ததும் மகள் கேட்டாள். “அம்மா, அன்னைக்கு நம்ம பீரோவத் தூக்கினது மாமாதானே? நீங்க ஏன் கோர்ட்ல வேற மாதிரி சொன்னீங்க?”

“மாமா இல்லடி. கூலிக்கு வந்த ஆளு.”

என்னையே பார்த்தாள். அப்புறம், “சரிம்மா” என்றாள்.